சங்கம் சொன்ன ஆள்

ஊராட்சித் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குள் போனால் கையில் நான்கு சீட்டுகளைக் கொடுப்பார்கள். மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு இன்னொன்று. மஞ்சளிலும் பச்சையிலும் உதயசூரியனும் இரட்டை இலையும் இருக்கும். மற்ற இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவியும் ஆட்டோவும்தான். ஊர்க் காரியத்தை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சட்டம் விட்டுவைத்த இடம் அது. அந்த இடம் ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. சாதிக்காரர்கள் கூடி ஒரு பெயர் சொல்கிறார்கள். கோவில் வரிதாரர்கள் கூடி ஒரு பெயர் சொல்கிறார்கள். பதவியை ஏலம் விட்ட ஊர்களைப் பற்றியும் நாம் படித்திருக்கிறோம். தொழிற்சங்கம் கூடி ஒரு பெயர் சொன்னது என்பதுதான் அபூர்வமாகக் காதில் விழுகிற செய்தி.

தென்காசியை முன்வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசி, ஊரக உள்ளாட்சிக்கு முதன்முதலாக வாக்களித்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். நெல்லை, காஞ்சிபுரம் உட்பட 9 மாவட்டங்களில் மட்டும் நடந்த தேர்தல் அது. அதில் வென்றவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு நிறைவடைகிறது. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்றே பதவிக் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு வருத்தம். 

இந்த மாவட்டத்தில் பெரிய ஆலைகள் குறைவு. ஆனால் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், சோறு பொங்கி இறக்கிய கையோடு திண்ணையில் அமர்ந்து மடியில் சொளவை வைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்க்கலாம். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, கட்டி, கடைக்கே திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று கடைக்காரர் தள்ளிய பீடிக்குக் கூலி இல்லை. இவர்களுக்காக 1966இல் ஒரு தனிச் சட்டம் வந்தது, 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதிக்குப் பணம் சேர்த்த மேல்வரி 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது போயிற்று.

பீடி சுற்றுபவரின் நிலையில் ஒரு விசேஷம் உண்டு. அவருக்கு வீடுதான் தொழிற்கூடம். எந்த வார்டில் குடியிருக்கிறாரோ அதே வார்டில்தான் வேலையும் செய்கிறார். இலை நனைக்கத் தண்ணீர் வேண்டும்; அது ஊராட்சிக் குழாயில் வருகிறது. காலையிலிருந்து அந்தி வரை உட்காரும் திண்ணைக்கு முன்னால் வாறுகால் நாறினால் அது அவருடைய வேலையிடம் நாறுவதாகும். பிள்ளையை அங்கன்வாடியில் விட முடியாவிட்டால் புகையிலைத் தூள் பறக்கிற அதே அறையில்தான் அதுவும் தவழும். நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி செய்து தர வேண்டிய வசதிகளில் பாதியை இந்தப் பெண்களுக்கு வார்டு உறுப்பினர்தான் செய்து தர வேண்டியிருக்கிறது.

குற்றாலத்தில் நிலைமை தலைகீழ். சாரல் அடிக்கத் தொடங்கினால் எண்ணெய் தேய்ப்பவர், ஆட்டோ ஓட்டுநர், பழக்கடைக்காரர், வடை போடுபவர் என்று பேரூராட்சியே தொழிலாளர் கூட்டமாகிவிடும். அவர்களில் கணிசமானவர்களுக்குக் குற்றாலத்தில் ஓட்டு கிடையாது. உழைப்பது அருவிக்கரையில், வாக்களிப்பது பத்து இருபது மைல் தள்ளி ஏதோ ஓர் ஊரில். கடையை எங்கே போடலாம், எப்போது எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் இதற்காகத்தான் வியாபாரக் குழு என்று ஒன்றை வைத்து, அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்றது. சீசன் தொழிலாளர் சங்கங்கள் பிடிக்க வேண்டிய கிளை அது. பேரூராட்சி வேட்பாளருக்கு மாலை போடுவதால் அவர்களுக்கு லாபம் அதிகமில்லை.

ஆக, தென்காசியில் சங்கத்தின் சொல் வாக்காக மாறக்கூடிய இடம் பீடித் தெருக்கள்தான். அங்கே சங்கங்கள் இருக்கின்றன. கூலி உயர்வுக்கும் பி.எஃப்.புக்கும் பல முறை போராடியும் இருக்கின்றன. ஆனால் தேர்தல் என்று வந்ததும் என்ன நடக்கிறது? தாய்க் கட்சி எந்தக் கூட்டணியில் இருக்கிறதோ அந்தக் கூட்டணிக்குச் சங்கம் கையைக் காட்டிவிடுகிறது. முடிவு சென்னையில் எடுக்கப்படுகிறது. கிளைச் செயலாளர் நோட்டீஸ் அடிக்கிறார். வேட்பாளர் இந்தத் தெருவுக்கு என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. கட்சிச் சின்னமே இல்லாத இளஞ்சிவப்புச் சீட்டுக்கும் இதே வழக்கம்தான் என்பது விநோதம்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு கதையை நினைவுபடுத்துகிறோம். மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்களில் பலருக்குப் பூர்வீகம் நம் திருநெல்வேலிச் சீமைதான். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது செங்கோட்டை நம்மோடு வந்தது, மூணாறு இருக்கும் தேவிகுளம் கேரளத்தோடு நின்றுவிட்டது. 2015 செப்டம்பரில், 20 சதவீதமாக இருந்த போனஸை நிர்வாகம் 10 சதவீதமாகக் குறைத்தபோது அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஐஎன்டியுசி, ஏஐடியுசி, சிஐடியு என்று இருந்த எல்லாச் சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நின்று 20 சதவீதத்தை வாங்கினார்கள். நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதிலும் நின்றார்கள், தேவிகுளம் வட்டார ஊராட்சியில் ஓர் இடமும் மூணாறு ஊராட்சியில் இரண்டு இடங்களும் கிடைத்தன.

கதை அதோடு முடியவில்லை. சீக்கிரமே அமைப்பு உடைந்தது. மறு ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளருக்குச் சொற்ப வாக்குகளே விழுந்தன. அவர்களுடைய பெரிய கோரிக்கை 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்க வேண்டும் என்பது. அதைப் பேசித் தீர்க்கும் மேசை ஊராட்சி அலுவலகத்தில் இல்லை, திருவனந்தபுரத்தில் இருந்தது. குடியிருந்த லயம் என்னும் வரிசை வீடுகளோ தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். ஊராட்சியில் வென்றவர்களால் தங்களை அனுப்பியவர்களுக்கு எதைக் கொண்டுவந்து காட்ட முடியும்? கூலிக் கேள்வியை வார்டு உறுப்பினரிடம் வைத்தால் நாளைக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதே 2015 நவம்பரில், அதே கேரளத்தில், எர்ணாகுளம் பக்கத்துக் கிழக்கம்பலம் ஊராட்சியில் ஓர் ஆடை நிறுவனத்தின் ஆதரவு பெற்ற ‘ட்வென்டி20’ அமைப்பு 19 வார்டுகளில் 17ஐ வென்றது. மலிவு விலைக் கடை, சாலை, வீடு என்று வார்டுக்குள் செய்யக்கூடியதைச் சொல்லியே வாக்குக் கேட்டார்கள். முதலாளிகளுக்கு உள்ளாட்சியின் அருமை தெரிந்திருக்கிறது. ஒரு கம்பெனியே ஊராட்சியை நடத்துவதை நாம் மெச்சவில்லை. தொழிலாளர் சங்கம் ஒதுங்கி நின்றால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறோம்.

‘சங்கம் அரசியல் பேசலாமா?’ என்று கேட்பவர்களுக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் ஆஸ்போர்ன் என்ற ரயில்வே ஊழியர், என் சந்தாவை எடுத்துக் கட்சிக்குக் கொடுக்கச் சங்கத்துக்கு உரிமை ஏது என்று வழக்குப் போட்டு 1909இல் வென்றார். 1913இல் அங்கே ஒரு சமரசச் சட்டம் வந்தது. நம்முடைய 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அதே வழியில் போனது: சங்கம் அரசியலுக்கென்று தனி நிதி வைக்கலாம், உள்ளாட்சி வேட்பாளரின் செலவுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம், ஆனால் அந்த நிதிக்குப் பணம் தரும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தராதவரை ஒதுக்கவும் கூடாது. அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்து 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் தனி நிதி, கட்டாயமின்மை இரண்டையும் விட்டுவிடவில்லை. நூறு வயதான இந்த உரிமையை எத்தனை சங்கங்கள் கணக்கு வைத்து முறையாகப் பயன்படுத்துகின்றன என்று உறுப்பினர்களே கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் நமக்குத் தயக்கம் உண்டு. நகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு மன்றம்தான் எஜமான். இன்று சங்கம் மாலை போட்ட கவுன்சிலர் நாளை குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கினால், எதிர்த்துக் கோஷம் போடச் சங்கத்துக்கு வாய் வருமா? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்ததும், நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்களுடைய சங்கங்கள் எந்த வேட்பாளருக்கும் நேராகக் கை காட்டாமல், எழுதி வாங்கிக்கொண்டு எட்டி நிற்பதே நல்லது என்பது நம் கருத்து.

பீடிச் சங்கங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை; அவர்கள் தாராளமாகப் பெயர் சொல்லலாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பீடி சுற்றுபவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்க மேடைகளில் மட்டும் ஆண்களாகவே உட்கார்ந்திருப்பானேன்? பெயரைச் சொல்லும் முன் வேட்பாளர்களைத் தெருவுக்குக் கூப்பிட்டு, தண்ணீரையும் வாறுகாலையும் அங்கன்வாடியையும் பற்றிக் கேளுங்கள். சங்கத்தின் முடிவை உறுப்பினர்களின் ஓட்டுக்கு விடுங்கள். ஜெயித்த ஆளை ஒரு வருடம் கழித்து அதே தெருவுக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்.

சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரை ஆதரிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தைக் கட்சி அலுவலக மாடியில் வைக்காதீர்கள். ஏதாவது ஒரு பீடித் தெருவில், பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் சொளவோடு திண்ணையில்தான் இருப்பார்கள்.