சாக்கடையோடு நிற்கட்டுமா ஊராட்சி?

"ரோடு, தண்ணி, தெருவிளக்கு பார்த்தால் போதும், சமூகநீதித் தீர்மானமெல்லாம் ஊராட்சிக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். அந்த ரோடும் தண்ணியும் எல்லோருக்கும் பொது என்பதே ஒரு தீர்மானத்தால் வந்ததுதான். பொதுச்சாலை, பொதுக்கிணறு எவருக்கும் தடையில்லை என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

பழங்கதை என்று தள்ளுவீர்களானால் திருப்பூர் மாவட்டத்துக்கே வாருங்கள். 2018 ஜூலை, அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவு சமைக்க வந்த பெண் அருந்ததியர் என்பதற்காக, அவர் சமைக்கக்கூடாது என்று ஊரார் சிலர் பள்ளியில் திரண்டார்கள். அதிகாரி என்ன செய்தார்? தடுத்தவர்களை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்கே இடமாற்ற உத்தரவு கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பள்ளி அடுப்படி ஊர்ப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எதுதான் ஊர்ப் பிரச்சினை?

"தீர்மானம் வெறும் காகிதம்" என்பது அடுத்த வாதம். அந்த இடமாற்ற உத்தரவும் காகிதம்தான். ஒரு பெண்ணின் வேலையையே அது அசைத்தது. அதற்கு எதிராக ஊரின் கையெழுத்தோடு இன்னொரு காகிதம் இருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கான வாய்ப்பு மே 1 கிராமசபை நாள். பனியன் கம்பெனிகளுக்கும் விடுமுறை. கட்டிங் மேசையிலும் தையல் மெஷினிலும் நிற்கிறவர்கள் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரலாம். பள்ளிச் சமையலில் சாதி பார்க்கக்கூடாது என்ற தீர்மானத்தைத் தெருவிளக்குக்கு முன்னால் வையுங்கள்.