வீடியோ கேமுக்கும் விமர்சனம் வேண்டும்

கல்லூரி மலர்களில் நூல் விமர்சனம் வருகிறது, நாடக விமர்சனம் வருகிறது, சில வேளைகளில் திரைப்படத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆனால் ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, நுவரெலியா என்று நம்மவர் வாழும் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றி எழுதுவார் இல்லை.

அதைப் பற்றி வீடுகளில் இரண்டு கருத்துகள்தாம் உண்டு. "இந்தக் கேம் எல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கத்தான்" என்பது உம்மாமாரின் கருத்து. "சும்மா பொழுதுபோக்குத்தானே" என்பது நானாமாரின் கருத்து. கேட்டால் எதிரெதிர்க் கருத்துகள் போலிருக்கும். ஆனால், கேமைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை என்பதில் இரண்டு தரப்பும் ஒற்றுமையாகவே இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலகத்தில் உள்ள எல்லாப் புத்தகமும் நல்லது என்றோ எல்லாம் கெட்டது என்றோ நாம் சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறோம். அதே நீதி கேமுக்கும் வேண்டும்.

சாச்சா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 4 எங்கள் வீட்டில் இருக்கிறது. கொழும்பில் மாமி வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த நீண்ட விடுமுறையில் இந்த இரண்டிலும் விளையாடியும் பிறர் விளையாடப் பார்த்தும் அறிந்தவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் "அதில் ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லும் உதைபந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிஃபா 22 என்ற கேமின் பெட்டியில் ஐரோப்பிய வயதுக் குறியீடு '3' என்று பச்சை நிறத்தில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையும் ஆடலாம் என்பது அதன் பொருள். இரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அதனால் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் அதற்குள் 'அல்டிமேட் டீம்' என்றொரு பகுதி இருந்தது. அங்கே உண்மையான பணம் கொடுத்து ஒரு பொதியை வாங்க முடிந்தது. பொதிக்குள் பெரிய வீரர் இருப்பாரா, பெயர் தெரியாத வீரர் இருப்பாரா என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது. மிகச் சிறந்த வீரர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு என்று பல பொதிகளில் கொம்பனியே எழுதி வைத்திருந்தது. லொத்தர் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணைக்குழு 2018 இல் இத்தகைய பொதிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. அதன் விளைவாக 2019 ஜனவரியில் அந்தக் கொம்பனி பெல்ஜியத்தில் ஃபிஃபா புள்ளிகளை விற்பதை நிறுத்தியது. சூதை நமது மார்க்கம் தடுத்திருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பந்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது நாம் அதை அடையாளம் காண்பதில்லை. துப்பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பெற்றோர், பணப்பை திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதுபற்றி நமது உலமாக்கள் ஒரு ஜும்ஆவிலாவது பேசினால் மிகவும் பயனாக இருக்கும்.

கிரிக்கெட்டில் வேறொரு குறை. 2006 இன் இறுதியில் வந்த 'கிரிக்கெட் 07' நம் ஊர் நானாமாரின் செல்லப்பிள்ளை. பழைய கணினிகளில் இன்றும் ஓடுகிறது. அதில் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் உரிமம் பெறப்பட்டிருந்தது. மற்ற நாட்டு வீரர்களின் பெயர்களைத் திரித்துப் போட்டிருந்தார்கள். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்த முரளிதரனின் நாட்டுக்கே சொந்தப் பெயர்கள் இல்லை. பெண்கள் அணி என்ற பேச்சே அதில் கிடையாது. உதைபந்தாட்ட கேமில்கூடப் பெண்கள் தேசிய அணிகள் முதன்முதலாக வந்தது 2015 இல், ஃபிஃபா 16 இல்தான். அதுவும் 12 அணிகள் மாத்திரம். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியதைப் பார்த்த தங்கைகளுக்கு, அந்தப் பழைய கேமில் ஒரு பெண்கூட மட்டை பிடிக்கவில்லை என்பது எப்படித் தெரியும்? தங்களுக்கு அங்கே இடமில்லை என்றுதான் தெரியும்.

அடுத்தது துப்பாக்கி கேம்கள். 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5' பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. பெட்டியிலேயே சிவப்பு நிறத்தில் '18' என்று போட்டிருக்கிறது. ஒன்பது வயதுத் தம்பி அதை ஆடுகிறான் என்றால் குற்றம் கேமின் மீது மட்டுமல்ல, பெட்டியைத் திருப்பிப் பார்க்காத பெரியவர்கள் மீதும்தான். 'கோல் ஒஃப் டியூட்டி' வரிசையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். நவீன காலப் போரைக் காட்டும் அதன் பாகங்கள் பலவற்றில் சுடப்படுபவர் வாழும் தெரு அரபு எழுத்துப் பலகைகள் தொங்கும் தெரு. சுடுபவர் மேலை நாட்டு வீரர். ஆடுபவனின் கண் எப்போதும் துப்பாக்கிக்குப் பின்னால்தான் இருக்கும். அந்தத் தெருவில் குடியிருக்கும் பிள்ளையின் கண்ணாக இருப்பது மிக அரிது. ஆயிரம் தடவை ஒரே பக்கத்தில் நின்று குறி பார்த்தவனுக்கு மற்றப் பக்கத்தில் இருப்பவரும் மனிதர்தான் என்ற எண்ணம் மழுங்கிப் போகாதா? எனக்குக் கவலை அதுதான்.

2021 நவம்பரில் வெளிவந்த 'கோல் ஒஃப் டியூட்டி: வான்கார்ட்' கேமில், இரத்தக் கறை படிந்த தரையில் குர்ஆனின் பக்கங்கள் சிதறிக் கிடப்பதுபோல் ஒரு காட்சி இருந்தது. முஸ்லிம் விளையாட்டாளர்கள் அதைப் படம் பிடித்துக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கொம்பனி மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. 2008 இல் சோனி கொம்பனி 'லிட்டில் பிக் பிளனட்' என்ற கேமின் வெளியீட்டையே தள்ளிப்போட்டு இறுவட்டுகளைத் திரும்பப் பெற்றது. அதில் வந்த ஒரு பாடலில் குர்ஆன் வசனங்கள் இசையோடு கலந்திருந்தன. அதைக் கவனித்த ஒரு விளையாட்டாளர் மரியாதையாக எழுதி முறையிட்டார். இந்த இரண்டு சம்பவங்களிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் கேமை உள்ளே சென்று கூர்ந்து பார்த்தவர்கள். தூர நின்று "எல்லாம் ஹராம்" என்றவர்களுக்கு அந்தக் காட்சி இருந்ததே தெரிந்திருக்காது. விமர்சனம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2023 இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாத் நகரில் நடக்கிறது. அப்பாஸியர் காலத்து வட்ட நகரம், சந்தை, கால்வாய்கள், பைத்துல் ஹிக்மா என்ற அறிவு மாளிகை எல்லாவற்றையும் கண்ணுக்கு நேரே நடந்து பார்க்கலாம். பாத்திரங்களை அரபு மொழியில் பேசவும் வைக்கலாம். இஸ்லாமிய வரலாற்றுப் பாடத்தில் நாம் மனனம் செய்யும் பெயர்களுக்கு அங்கே சுவரும் கூரையும் இருக்கின்றன. ஆனால் அந்த நகரத்தில் கதாநாயகன் பாஸிமுக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? கூரைகளில் ஒளிந்து ஆட்களைக் கொல்வது. இயந்திரங்களைப் பற்றி நூல் எழுதிய பனூ மூஸா சகோதரர்கள் வாழ்ந்த நகரம் அது. கிரேக்க நூல்கள் அரபுக்கு வந்த நகரம் அது. அங்கே மொழிபெயர்ப்பாளராக, வைத்தியராக, நூல் பிரதி செய்பவராக ஆட ஒரு கேம் வந்தால் நானே முதல் ஆளாக உட்காருவேன். அழகான வீட்டைக் கட்டிவிட்டு உள்ளே கத்திச் சண்டை மட்டும் நடத்துவது வீணான செலவு.

இனி நம் மலைக்கு வருவோம். 'ஸ்டார்டியூ வெலி' அமெரிக்காவில் ஒரே ஒருவர் பல வருடங்கள் உழைத்து 2016 இல் வெளியிட்ட விவசாய கேம். சத்தமில்லை, சண்டை மிகக் குறைவு, மனதுக்கு இதம். அதில் தேயிலையும் உண்டு. கன்றை நட்டால் 20 நாளில் செடி முற்றிவிடும். அதன்பின் வசந்தம், கோடை, இலையுதிர் என ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் நாளுக்கொரு தடவை கொழுந்து பறிக்கலாம். ஒரு பீப்பாயில் போட்டால் கிறீன் டீ தயார். மாமியின் மகள் "எவ்வளவு லேசு!" என்றாள். தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. நம் உயர்நிலத்தில் தேயிலைக் கன்று நட்டால் ஒழுங்காகக் கொழுந்து எடுக்க மூன்று நான்கு வருடங்கள் செல்லும். பிறகு வாரத்துக்கொரு தடவை சுற்றி வந்து பறிக்க வேண்டும். மழை, அட்டை, சரிவு, முதுகில் கூடை. கிலோ குறைந்தால் அரைப்பேர். வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வரும் அக்காமாரின் விரல்களில் தேயிலைக் கறை காய்ந்திருக்கும். இந்த அரைப்பேர் கணக்கு எந்தக் கேமிலும் இல்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றுண்டு. அந்தக் கேம் தொடங்கும்போதே பாட்டனார் ஒரு பண்ணையை உங்கள் பெயருக்கு எழுதி வைத்திருப்பார். முதல் நாளே நீங்கள் நிலச் சொந்தக்காரர். மலையகத் தமிழர் இங்கு வந்து 200 வருடங்கள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தார்கள். இத்தனை தலைமுறை மண்ணைக் கொத்திய அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் லயத்தில் இருந்துகொண்டு சொந்தமாக ஒரு துண்டு காணி கேட்கின்றன. கேமைப் பிழை சொல்ல இதை எழுதவில்லை. அது இனிமையான கேம். இனிமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், காணி கையில் இருப்பதிலிருந்துதான் வருகிறது.

தமிழர் கதையைச் சொன்ன கேமும் ஒன்றுண்டு. டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் குழு 2023 இல் வெளியிட்ட 'வெண்பா'. 1988 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். தன் தாயின் சமையல் குறிப்புப் புத்தகத்தில் எழுத்துகள் அழிந்துபோன இடங்களை வெண்பா யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும், புட்டுக்கு மாவையும் தேங்காயையும் எப்படி மாற்றி மாற்றிப் போடுவது என்பவைதாம் புதிர்கள். யாரையும் கொல்லாமல், எவரையும் வெல்லாமல், ஒரு கோழிப் புரியாணி ஆக்கி முடித்ததும் கண் கலங்க வைக்கிறது. மகன் வளர வளரத் தமிழ் அவன் காதில் தேய்ந்து போவதைக் காட்டும் விதம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு இதற்குச் சிறந்த அறிமுக கேம் விருதைக் கொடுத்தது. குறை சொல்வதானால், மிகவும் சின்னது. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு தாயின் அடுப்படியை வைத்து உலகத்தரமான கேம் செய்யலாம் என்றால், ஒரு மலைநாட்டுப் பாடசாலைப் பிள்ளையின் காலை நேரத்தை வைத்துச் செய்ய முடியாதா?

இங்கேதான் எனது முக்கியமான முறைப்பாடு வருகிறது. அந்தப் பிள்ளையின் கதையை யார் செய்வது? நம் வீடுகளில் கொன்ட்ரோலர் யார் கையில் இருக்கிறது? நானாவும் அவருடைய கூட்டாளிமாரும் ஆடுவார்கள், நாங்கள் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்போம். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு கேம்?" என்று கேட்கிறவர்கள், அதே பிள்ளை தகவல் தொழில்நுட்பத்தில் 'ஏ' எடுக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். கவிதை வாசிக்காதவர் கவிதை எழுதுவது கடினம். கேமைத் தொடாதவள் கேம் செய்வதும் அப்படித்தான். நமக்குள் படம் வரைபவர்கள் இருக்கிறோம், கதை எழுதுபவர்கள் இருக்கிறோம், கணிதம் செய்பவர்கள் இருக்கிறோம். ஒரு கேமுக்கு வேண்டியவர்கள் இவர்கள்தாம்.

ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பெட்டி வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதன் விலை 499 டொலர். 2021 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அந்த வருடம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் 100 நாள் உழைப்பாக அன்று இருந்தது அந்த ஒரு பெட்டி. இந்தக் கணக்குத் தெரிந்துகொண்டு ஆடுவது வேறு, தெரியாமல் ஆடுவது வேறு. கூட்டுக் குடும்பத்தில் ஒன்று இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் முறை வைத்துக் கொடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பூட்டி வைப்பதற்கு முன்னர் அரை மணித்தியாலம் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். யார் யாரைச் சுடுகிறார்கள், எங்கே காசு கேட்கிறது, பெட்டியில் என்ன வயது போட்டிருக்கிறது என்று கேளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் விளையாட்டுக் கோளாறு என்பதைத் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆடுவதை அது நோய் என்று சொல்லவில்லை. கட்டுப்பாடு இழந்து, மற்றக் கடமைகளை எல்லாம் பின்தள்ளி, கெடுதி தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை பெரும்பாலும் ஒரு வருடமளவு நீடிப்பதையே சொல்கிறது. "இந்த மெட்ச் முடியட்டும்" என்று இஷாவும் தப்பிப் பாடமும் தப்பினால், அங்கே கண்டிப்புத் தேவை. அந்தக் கண்டிப்பு நானாவுக்கும் தங்கைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

தோழியரே, அடுத்த மலரில் நூல் விமர்சனத்துக்குப் பக்கத்தில் ஒரு கேம் விமர்சனத்துக்கும் இடம் கேட்போம். எனது கருத்துகளோடு உடன்படாதவர்கள் ஸ்டார்டியூ வெலியிலிருந்தே தொடங்கலாம். நான் சொன்ன தேயிலைக் கணக்கு சரியா என்று பார்த்து, மறுத்து எழுதுங்கள்.