நின்றுவிடும் அலைகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு சிலிக்கான் புதிதல்ல. 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்ததிலிருந்து பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போடுகிறது. அந்தச் சிலிக்கானில் பாஸ்பரஸ் கலந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். மிகக் குறைவாகக் கலந்து கடுமையாகக் குளிரவைத்தால், எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏன்?

1958-இல் அமெரிக்க விஞ்ஞானி பிலிப் ஆண்டர்சன் பதில் சொன்னார். எலெக்ட்ரான் ஓர் அலையும்கூட. கர்னி டிரைவ் கரையில் கற்களில் மோதிய கடலலை நாலாபுறமும் சிதறும். ஓர் அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் அடங்கிவிடும். ஒழுங்கற்ற பொருளில் சிதறும் எலெக்ட்ரான் அலைகளும் தொலைவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. புறப்பட்ட இடத்தருகே மட்டும் மிஞ்சுகின்றன.

1979-இல் ஆண்டர்சனோடு மூவர் சேர்ந்து இக்கருத்தை விரிவாக்கினார்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணன். மெல்லிய தளம் போன்ற பொருளில், ஒழுங்கின்மை எவ்வளவு சிறிதானாலும் அலை கடைசியில் சிக்கிக்கொள்ளும் என்றது அந்தக் கட்டுரை. ஆனால் ஒரு நிபந்தனை: எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிக்கக்கூடாது. உண்மையில் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளலை நிறுத்தவே முடியாது. அப்படியானால் எது ஒழுங்கின்மையின் வேலை, எது தள்ளலின் வேலை?

இதைப் பிரித்துப் பார்க்க அணுக்கள் உதவின. அணுக்களை மைனஸ் 273 டிகிரிக்கு மிக அருகே குளிரவைத்தால் அவையும் அலைகளாக நடந்துகொள்ளும். 2008-இல் பாரிஸ் அருகே அலன் ஆஸ்பே குழுவும், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் மாசிமோ இங்குஷோ குழுவும் லேசர் ஒளியால் மேடுபள்ளங்களை உருவாக்கி, அவற்றில் அணு அலைகள் நின்றுவிடுவதைக் கண்டன. ஃபிளாரன்ஸ் குழு பயன்படுத்திய பொட்டாசியத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ரேடியோ சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல், காந்தப்புலத்தை மாற்றி அணுக்களின் தள்ளலை மாற்றலாம்.

2010-இல் அவர்கள் தள்ளலைக் கூட்டினார்கள். சிக்கியிருந்த அணுக்கள் பரவத் தொடங்கின. ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவின் அலையை மாற்றுவதால், அலைகள் முன்புபோல் கச்சிதமாக அழிந்துபோகவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2015-இல் ஜெர்மனியின் மியூனிக்கில், ஒழுங்கின்மை போதிய அளவு இருந்தபோது, தள்ளல் இருந்தும் அணுக்கள் தங்கள் தொடக்க வரிசையை மறக்கவில்லை. பெரிய அமைப்புகளில் இந்த நினைவு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதுதான் இன்றைய வாதம். குவாண்டம் கணினியில் தகவலைக் கலையாமல் காக்க விரும்புவோரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.