‘ஹிட்!’ என்று நீங்களே சொல்ல வேண்டும்

பெயிண்ட்பால் ஆடியவர்களுக்குத் தெரியும். குண்டு பட்டால் சட்டையில் சாயம் ஒட்டிக்கொள்ளும். ‘எனக்குப் படவே இல்லை’ என்று சாதிக்க முடியாது. ஏர்சாஃப்ட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரி விளையாட்டுதான். ஆனால் இதில் பறந்து வருவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. சாயம், தடயம் எதுவும் கிடையாது. பட்டதா இல்லையா என்பது பட்டவருக்குத்தான் தெரியும். இந்த விளையாட்டே அந்த ஒருவரின் நாணயத்தை நம்பித்தான் நடக்கிறது.

பிறந்த இடம் ஜப்பான். 1958-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சாதாரண மக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அசல் கிடைக்காத ஊரில், அசலைப் போலவே இருக்கும் பொம்மைக்கு மவுசு கூடியது. 1970-களில் பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைகள் வந்தன. 1991-ல் டோக்கியோ மருயி நிறுவனம் பேட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றும், அது ஸ்பிரிங்கை இழுத்து விடும், பிஸ்டன் காற்றைத் தள்ளும். சைக்கிள் பம்பு மாதிரிதான். அங்கே இந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘சர்வைவல் கேம்’. செல்லமாக ‘சபகே’.

0.2 கிராம் எடையுள்ள குண்டு 40 மீட்டர் தூரம் எப்படிப் போகிறது? குழலின் மேற்பக்கம் இருக்கும் சின்ன ரப்பர் துண்டு, குண்டைப் பின்பக்கமாகச் சுழல வைக்கிறது. டேபிள் டென்னிஸில் அடியில் வெட்டி அடித்த பந்து மிதந்து வருமே, அதே கணக்கு. இதற்கு ‘ஹாப் அப்’ என்று பெயர்.

முதலில் கண்

திறன் கூட்டிய பொம்மைத் துப்பாக்கிகளால் சிலர் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்களுக்குப் பிறகு, 2006-ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏறக்குறைய 0.98 ஜூல்தான் உச்சவரம்பு. கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். ஆனால் 0.2 கிராம் குண்டு அந்தத் திறனில் நொடிக்குச் சுமார் 99 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தோலில் பட்டால் சுருக்கென்று வலிக்கும், சிவந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அதனால் புதிதாக வருபவர் முதலில் காசு போட வேண்டியது துப்பாக்கியில் அல்ல, இந்த விளையாட்டுக்கென்றே செய்த கண்ணாடிக் கவசத்தில். மூக்குக் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் இதற்கு உதவாது. பல்லைக் காக்க முகமூடி, முழுக்கை சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, கையுறை. இவ்வளவு போதும். துப்பாக்கியைப் பல மைதானங்களில் வாடகைக்கே தருகிறார்கள். நாலைந்து முறை ஆடிப் பார்த்துவிட்டு வாங்கலாம். காற்று வாயுவில் இயங்கும் வகை குளிர்காலத்தில் சோர்ந்துவிடும். முதல் துப்பாக்கிக்கு பேட்டரி வகையே தொல்லையில்லாதது.

ஒரு நாள் ஆட்டம்

டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தில் இந்த மைதானங்கள் நிறைய. காலையில் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் கருவியில் அளப்பார்கள். வரம்பைத் தாண்டினால் அன்று அதற்கு வேலையில்லை. பிறகு விதிகளைச் சொல்வார்கள். அணி பிரிக்க, கையில் சிவப்பு அல்லது மஞ்சள் பட்டை. எதிரணியின் கொடியைக் கைப்பற்றுவது பொதுவான ஆட்டம். ஓய்விடத்துக்குள் வரும்போது குண்டுப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். மைதானத்துக்குள் கவசத்தைக் கழற்றக் கூடாது, வியர்த்துப் பனிபடர்ந்தாலும்கூட.

உடம்பு, உடை, பை, துப்பாக்கி என எதில் பட்டாலும் ‘ஹிட்!’ என்று உரக்கச் சொல்லி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். மரத்தில் பட்டுத் தெறித்தது பெரும்பாலும் கணக்கில் வராது. மைதானத்துக்கு மைதானம் விதி மாறும் என்பதால் காலையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டும் படாதது போல ஆடுபவரை ‘ஜாம்பி’ என்கிறார்கள். செத்தும் சாகாதவர்! இதைவிடப் பெரிய அவமானம் அங்கே இல்லை. ஆனால் ‘உனக்குப் பட்டுவிட்டது, வெளியே போ’ என்று எதிராளியைப் பார்த்துக் கத்துவதையும் பல மைதானங்கள் தடை செய்திருக்கின்றன. 40 மீட்டர் தள்ளி நின்று சுட்டவருக்குப் பட்டது போலத் தோன்றும். உண்மையில் குண்டு ஒரு சாண் தள்ளிப் போயிருக்கலாம், இலையில் பட்டு விழுந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் மைதான ஊழியரிடம் சொல்லலாம். நமக்குப் பட்டதை ஒப்புக்கொள்வது ஒரு பாடம். மற்றவரைச் சட்டென்று பொய்யர் என்று நினைக்காமல் இருப்பது இன்னொரு பாடம். இரண்டாவதுதான் கஷ்டம்.

பிள்ளைகள் கேட்டால்?

ஜப்பானில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வகை, 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறன் மிகக் குறைந்த இன்னொரு வகை என்று பிரித்து விற்கிறார்கள். வாங்கிய பின் தெருவில் காட்டித் திரியக் கூடாது. பையில் மூடியே எடுத்துப்போக வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு அது பொம்மை என்று தெரியாது.

ஜப்பானுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகும் நம்மவர்கள் வாடகைக்கு எடுத்து ஆடிவிட்டு வருவதே புத்திசாலித்தனம். ஆசையாக வாங்கிப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தால், சுங்கத்தில் பதில் சொல்லி மாளாது.

பிள்ளை கையில் பொம்மைத் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்று தயங்கும் பெற்றோர் அவர்களின் கேரம் ஆட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். யாரும் பார்க்காதபோது விரல் பட்டுக் காய் நகர்ந்தால், தானாகச் சொல்கிற பிள்ளையா? அப்படியென்றால் வயது வந்ததும் தைரியமாக அனுப்பலாம். சொல்லாத பிள்ளை என்றால், கேரம் பலகையிலேயே இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும்.