மாளிகைமேட்டில் ஒரு பகல்

விடுப்பில் தாயகம் செல்லும் நம் தீவுக் குடும்பங்களின் பாட்டை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். எஞ்சிய நாட்களைப் பெரியப்பா வீடு, சம்பந்தி வீடு, காதுகுத்து, குலதெய்வம் என்று உறவினர் பங்கிட்டுக்கொள்வர். திரும்பி வந்தபின் 'என்ன பார்த்தீர்கள்?' என்று எவரேனும் கேட்டால், பேருந்து நிலையங்களைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை.

இம்முறை கணவனும் மனைவியுமாக நாங்கள் ஒரு நாளைத் திருடிக்கொண்டோம். முதுகில் ஆளுக்கொரு பை, ஒரு புளிச்சோற்றுப் பொட்டலம், பேருந்துக் கட்டணம், செலவு அவ்வளவே. கும்பகோணத்துச் சித்தப்பாவுக்கு மனத்தாங்கல். "கடல் கடந்து வந்து, இடிந்த மேட்டைப் பார்க்கவா போகிறீர்கள்?" என்றார்.

நாங்கள் சென்றது கங்கைகொண்டசோழபுரம்; கும்பகோணத்திற்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டையொட்டித் தன் தலைநகரைத் தஞ்சையினின்று அங்கே மாற்றினான். அவன் கடற்படை ஸ்ரீவிஜயத்தின்மேற் சென்றதும் அக்காலத்திலேதான். அவன் கொண்ட நாடுகளை அடுக்கும் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்றொரு பெயர் வருகிறது. அது நம் நிக்கோபாரே என்பர் ஆராய்ச்சியாளர். 2024-இல் போர்ட் பிளேயர் 'ஸ்ரீ விஜய புரம்' எனப் பெயர் மாறியபோது எங்கள் வீட்டிலும் சோழர் பேச்சு எழுந்தது. ஆனால் இத்தீவுகளில் சோழர் நட்ட கல் ஒன்றையும் நாங்கள் கண்டதில்லை. நாங்கள் அறிந்த இடிபாடெல்லாம் ராஸ் தீவில், மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் ஆங்கிலேயர் சுவர்களே. (2018 முதல் அதற்கும் வேறு பெயர்.)

போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது, நடை சாத்தியாயிற்று. 53 மீட்டர் விமானத்தை வெளியிலிருந்தே அண்ணாந்து பார்த்தோம். தஞ்சையைவிட உயரம் குறைவு. அதன் நிமிர்வுக்கு மாறாக இதில் ஒரு வளைவு, ஒரு நளினம். மாலை வரை காத்திராமல், அரண்மனை இருந்த மாளிகைமேட்டை நோக்கி வெயிலில் நடந்தோம்.

அங்கே இருப்பவை செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகள். 1980 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்தவை; கூரை ஓடுகளும் இரும்பாணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தனவாம். "நம் வீட்டுச் சமையலறைச் சுவர் இதைவிட உயரமாயிற்றே!" என்றாள் எம் இல்லாள். ஆடு மேய்த்த மூதாட்டி ஒருவர் சிரித்தார். "எங்கள் மாமனார் வீட்டுச் சுவரில் பாதி இந்த மேட்டுச் செங்கல்தான், தாயி. உங்களுக்கு எந்த ஊர்?" என்றார். அந்தமான் என்றோம். "அங்கே தமிழ் பேசுவார்களா?" என்று வியந்தார். "நாங்கள் இப்போது பேசுவது என்ன பாட்டி?" என்றாள் இவள். தாயகத்தில் நாம் எதிர்கொள்ளும் கேள்விதான். ஆனால் அவர் கேட்டதில் வாஞ்சை இருந்தது.

செங்கல் வீடுகளுக்குப் போயிற்று; கருங்கல் அணைக்குப் போயிற்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அணை கட்டியபோது, கோயிலின் திருமதிற் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். ஊரார் தடுத்தனர். மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போயிற்று. படித்தபோது எங்களுக்குச் சினம் மூண்டதுண்டு. ஆனால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்கள் அவ்வணை நீரால் விளைகின்றன. அங்கிருந்து வீராணம் ஏரிக்குச் செல்லும் நீரில் ஒரு பங்கு சென்னைக்கும் குடிநீராகிறது. கப்பலிறங்கியதும் நாங்கள் அருந்திய நீர் எங்கிருந்து வந்ததோ!

மாலையில் நடை திறந்தது. தரிசனம் முடித்து, வடபுறத்தில் சண்டேசருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் இருட்டும்வரை நின்றோம்.

இரவு திரும்பியதும் சித்தப்பாவிடம் விபூதியைக் கொடுத்தோம். நெற்றியில் இட்டுக்கொண்டு சற்றுப் பேசாதிருந்தார். எழுபது வயதாகியும் அவர் அங்கே ஒருமுறையேனும் போனதில்லையாம்.

"அடுத்த கப்பலில் வரும்போது முன்னதாகவே எழுதுங்கள், நானும் வருகிறேன்," என்றார்.