நிணநீர்த் தடவலும் நவீன தோஷ பரிகாரமும்

சில வருஷங்களாக நம் பட்டணங்களில் "நிணநீர் வடிப்பு மசாஜ்" என்பதாக ஒன்று வெகு தடபுடலாய் விளம்பரமாகி வருகிறது. அழகு நிலையக்காரர்கள் சொல்லுவதைக் கேட்டால், இதைச் செய்துகொண்டவர்களின் உடம்பு இளைத்துவிடுமாம், முகம் மினுமினுக்குமாம், உள்ளே தங்கிய நச்சு எல்லாம் வடிந்துவிடுமாம். இப்படிச் சொல்லிப் பணம் பறிப்பது ஒரு பக்கம் இருக்க, இந்தக் கைமுறை உண்மையிலேயே தேவைப்படுகின்றவர்கள், இப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் வீங்கிய கையோடும் காலோடும் வீட்டு மூலையில் முடங்கிக்கிடப்பது மற்றொரு பக்கம் இருக்கின்றது. இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு பலன்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலாவதாக, நிணநீர் என்பது என்ன? ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து சதைக்கிடையே சேரும் நீரை மறுபடியும் ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க நம் சரீரத்தில் தனிக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடுவதே நிணநீர். இதைத் தள்ள இருதயம் போன்ற யந்திரம் தனியாகக் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதும், நாம் கைகால் அசைப்பதும், மூச்சு விடுவதுமே இதை நடத்துகின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களிலுள்ள முடிச்சுகளில் வடிகட்டப்பட்டு, கடைசியில் காறையெலும்புக்குப் பின்னால் ரத்தத்தில் கலக்கின்றது. இது எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டதல்ல. 1622-ல் இத்தாலியில் அசெல்லி என்பவர் ஒரு நாயை அறுத்துப் பார்த்தபோது குடலருகே வெள்ளைக் குழாய்களைக் கண்டார். 1650-களில் டென்மார்க்கில் பார்த்தோலினும் சுவீடனில் ருட்பெக்கும் மேலும் விளக்கினார்கள். இந்தத் தடவல் முறையை வகுத்தவர்கள் 1930-களில் பிரான்சில் வேலை பார்த்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் என்ற டென்மார்க்குத் தம்பதிகள். 1936-ல் பாரிசில் வெளியிட்டார்கள்.

சரி, இதற்குப் போனால் என்ன நடக்கும்? எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவதற்குப் பழகிய நமக்கு, "இவர் ஒன்றுமே செய்யவில்லையே" என்றுதான் தோன்றும். ஏனெனில் தோலை மெதுவாக இழுத்து விடுவதைத் தவிர வேறில்லை. வலிக்கக்கூடாது; தோல் சிவக்கக்கூடாது. வீங்கிய கையை முதலில் தொடமாட்டார்கள். கழுத்தையும், முடிச்சுகள் நன்றாயிருக்கும் பக்கத்தையும் தடவிய பிறகே கைக்கு வருவார்கள். கடைமடையைத் திறக்காமல் தலைமடையில் தண்ணீரைத் தள்ளினால் கரைதானே உடையும்? அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை பிடிக்கும். அதன் பின் பல அடுக்காகக் கட்டுப்போடுவார்கள், தேகப்பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள், தோலைக் காக்கும் வழி சொல்லுவார்கள். வீக்கம் குறைந்ததும் இறுக்கமான உறை போட்டுக்கொள்ள வேண்டும். கட்டில்லாமல் தடவல் மட்டும் செய்தால் நீர் மறுபடியும் வந்து சேரும். மார்புப் புற்றுநோய்க்குப் பின் வரும் கைவீக்கம் பற்றிய பரிசோதனைகளை 2015-ல் கொக்ரேன் ஆய்வாளர்கள் ஒன்றாகப் பரிசீலித்தார்கள். கட்டுப்போடுவதோடு சேர்த்துச் செய்தால் ஓரளவு கூடுதல் நன்மை இருக்கலாம் என்பதே அவர்கள் கண்டது. அதற்கு மேல் ஆசை காட்டுகிறவன் வைத்தியனல்ல, வியாபாரி.

நிற்க, நச்சு வடியும் என்கிறார்களே, அந்த நச்சின் பெயர் என்ன? தடவுமுன் எவ்வளவு இருந்தது? தடவிய பின் எவ்வளவு குறைந்தது? யார் அளந்தார்கள்? கேட்டால் பதில் வராது. உடம்பின் கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் மூத்திரக்காயும் கூலி கேளாமல் செய்து வருகின்றன. முன்பு, "உனக்கு தோஷம் இருக்கிறது, பரிகாரம் செய்" என்று சொல்லித் தட்சிணை வாங்கினார்கள். இன்று தோஷம் என்ற இடத்தில் நச்சு என்று போட்டுக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு, காசுக்குக் கிடைக்கும் சுத்தி. சரக்கு ஒன்றே, மேலே ஒட்டிய காகிதம்தான் வேறு. இளைப்பதும் அப்படியே. தடவலால் கொழுப்பு கரையாது. தராசில் ஏதேனும் குறைந்தால் அது நீரே. மறுநாள் திரும்பி வரும்.

யானைக்கால் நோயாளிகளின் கதி என்ன? 1872-ல் கல்கத்தாவில் லூயிஸ் மனித ரத்தத்தில் இதன் புழுக்குஞ்சைக் கண்டார். 1877-ல் சீனாவில் மான்சன் அது கொசுவுக்குள் வளருவதைக் கண்டார். அப்படியிருந்தும் நம்மவர்கள் பூர்வஜன்மப் பாவம் என்று சொல்லி, அந்த மனிதனைப் பந்தியில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். பக்கத்திலுள்ள இலங்கை பாவத்திற்குப் பரிகாரம் தேடவில்லை. மாத்திரை கொடுத்தது, கொசுவைக் கட்டுப்படுத்தியது, 2016-ல் இந்நோய் பொதுஜன சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தாட்சி பெற்றது. முன்பே வீங்கித் தடித்த காலை மாத்திரை இளைக்க வைக்காது. ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்து அசைத்து வந்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். ஒரு சோப்புக் கட்டிக்கு விளம்பரம் ஏது?

ஒரு எச்சரிக்கை. கைகால் சிவந்து சுட்டுக் காய்ச்சல் இருந்தாலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும், இருதயமோ மூத்திரக்காயோ பழுதுபட்டிருந்தாலும் தடவலுக்குப் போகாதீர்கள். திடீர் வீக்கம் ரத்தக் கட்டியாய் இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது.

மார்பில் ஆபரேஷன் செய்து அக்குள் முடிச்சுகளை எடுத்த ஸ்திரீக்குச் சில மாதமோ சில வருஷமோ கழித்துக் கை வீங்கலாம். இதை அவளுக்கு வீட்டுக்கு அனுப்புமுன் சொல்ல வேண்டாமா? ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் இக்கைமுறை கற்றவர் ஒருவராவது இருக்க வேண்டும். கட்டுத்துணியும் உறையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். குடத்தைத் தூக்கமுடியாத கையை விதி என்று சொல்லி அவள் மறைத்துக்கொண்டிருக்க, ஒன்றும் வீங்காதவர்கள் நச்சு வடிக்கப் பணங்கொடுக்கிறார்கள். பணங்கொடுப்பவர்கள் கேள்வி கேட்கட்டும். வீக்கமுள்ளவர்கள் தங்களுக்குரிய வைத்தியத்தை உரிமையாகக் கேட்கட்டும்.