டயாலிசிஸ் இலவசம், வீட்டுச் செலவுக்கு?

"சிறுநீரகம் பழுதானவர் நோயாளிதானே, அவர் எப்படி மாற்றுத்திறனாளி ஆவார்?" மாற்றுத்திறனாளி உதவித்தொகை என்ற பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அதை மறுக்கச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட ஆராய்ந்து பார்த்தால் நிற்பதில்லை.

கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட ஒரு கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம் புடைத்திருக்கும். விரல் வைத்தால் விடாமல் அதிரும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது; அதில் ரத்த அழுத்தம் பார்க்கவும் கூடாது. மூட்டை தூக்கியும் செங்கல் சுமந்தும் பிழைத்தவருக்கு அன்றோடு தொழில் போயிற்று. சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்யும் வேலையை டயாலிசிஸ் இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறது: ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், வாரம் மூன்று தடவை. முடித்து எழுந்தால் பலருக்குத் தலை சுற்றும், கால் குறண்டி இழுக்கும். அன்றைய பொழுது அவ்வளவுதான். மறுநாள் கொஞ்சம் தெம்பு வரும். அதற்கடுத்த நாள் மறுபடி ஊசி. இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் முதலாளி எங்கே இருக்கிறார்?

சட்டத்தில் இடமில்லை என்கிறார்கள். அது உண்மைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் இல்லை. அதனால் 40 சதவீதம் ஊனம் என்று சான்று எழுதிக் கொடுக்க மருத்துவக் குழுவுக்கு வழியில்லை. ஆனால் அதே பட்டியலில் ஹீமோபிலியா இருக்கிறது, தலசீமியா இருக்கிறது, அரிவாள் செல் நோயும் இருக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் ஊனங்களா? ரத்தத்தில் இருக்கும் கோளாறு ஒருவரை முடக்கும் என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட பிறகு, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் உறுப்பு செயலிழப்பதை வெளியே நிறுத்துவதில் நியாயமில்லை. புதிய வகையைச் சேர்க்கச் சட்டத்தைத் திருத்தவும் வேண்டாம். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் போதும் என்று அந்த அட்டவணையின் கடைசி வரியே சொல்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அடுத்த வாதம். அந்தத் திட்டம் உயிர்களைக் காத்து வருகிறது. அதைக் குறைத்துப் பேசவே கூடாது. ஆனால் அது மருத்துவமனைக்குப் போகும் பணம். போய்வரும் ஆட்டோ வாடகையையும் வீட்டு வாடகையையும் அது கட்டாது. துணைக்கு வரும் மனைவிக்கும் அன்று கூலி இல்லை. உதவித்தொகை கேட்பது இந்த இழப்புக்காகத்தான்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. உறுப்பு கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் கடைசிவரை விழுங்க வேண்டும். அப்படிப்பட்ட உடம்போடு தூசியிலும் சாக்கடையிலும் வேலை செய்ய முடியாது.

எல்லாருக்கும் கொடுத்தால் கஜானா தாங்காது என்பதுதான் கொஞ்சம் கனமான வாதம். ரத்தத்தில் கிரியாட்டினின் சற்று ஏறிய எல்லாருக்கும் யாரும் கேட்கவில்லை; எல்லை வகுக்க முடியும். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு விதிகள் அதைச் செய்திருக்கின்றன. ஓராண்டாவது நீடிக்கும் டயாலிசிஸ் என்றால் அதுவே ஊனத்துக்குச் சான்று. மாற்று அறுவை நடந்தால் ஓராண்டுக்கு அந்தத் தகுதி உண்டு, பிறகு மறு ஆய்வு. டயாலிசிஸ் இல்லாதவருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (eGFR) 20 அல்லது அதற்குக் கீழ் இருப்பது 90 நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது பதிவாகியிருக்க வேண்டும். நரம்புப் பாதிப்பு, உடலில் நீர் தேங்குதல் போன்ற சிக்கலும் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? உத்தானம் பகுதியின் சிறுநீரக நோயைக் கண்ட ஆந்திரம், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் தருகிறது. தெலங்கானா 2022இல் அவர்களைத் தன் ஆசரா ஓய்வூதியத்தில் சேர்த்து 2,016 ரூபாய் அறிவித்தது. ஒவ்வொரு டயாலிசிஸும் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுகிறது. அதனால் போலிச் சான்றிதழ் பயமும் இங்கே குறைவு.

நாள்பட்ட சிறுநீரக நோயைப் பட்டியலில் சேர்க்கும் அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட வேண்டும். அதுவரை காத்திராமல், டயாலிசிஸ் பதிவேட்டையே தகுதியாக வைத்துத் தமிழக அரசு மாத ஓய்வூதியத்தை அறிவிக்க வேண்டும்.